விளையாட்டுத் திரையும் புள்ளிக் கணக்கும்

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களின் கடைத்தெருக்களில் கூட்டம் மிகும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் உழைப்போர் கையில் போனஸ் பணம் சேரும் காலம் அது. துணிமணிக்கு அடுத்தபடியாகப் பலர் நாடிச் செல்வது தொலைக்காட்சிக் கடையை. அங்கே வரிசையாக மாட்டப்பெற்ற பெட்டிகளின்மீது ‘எச்.டி. ரெடி’, ‘ஃபுல் எச்.டி.’, ‘4கே’ என்று சீட்டுகள் ஒட்டியிருக்கும். உடன் வந்த பிள்ளை, ‘பிளேஸ்டேஷனில் விளையாட 4கே பெட்டிதான் வேண்டும்’ என்று பிடிவாதம் செய்வான். அச்சீட்டின் பொருள் யாது என்று தந்தையும் அறியார். பிள்ளையும் முற்ற அறியான். விலை ஒன்றே முடிவைச் செய்துவிடுகிறது.

இதை நினைக்கும்போது எனக்கு வியப்புண்டாகிறது. பாலாற்றங்கரையில் வாழும் நம் மக்கள் பொருளின் தரத்தை அறிவதில் யாருக்கும் இளைத்தவரல்லர். ஒரு தோலைக் கையில் கொடுத்தால், இயற்கையாக அமைந்த வரி எது, இழுத்து நீட்டிய பரப்பு எது, சூடான தகட்டால் அழுத்திப் பதித்த வரி எது என்று விரலால் தடவியே கூறிவிடுவோர் இங்கு உளர். திரையில் தோன்றும் படத்திடமும் இதே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். உண்மையாக உண்டாக்கப்பட்ட படம் எவ்வளவு? இழுத்து நீட்டியது எவ்வளவு? பின்னர்ப் பதித்தது எவ்வளவு? இவற்றுக்கு விடை தெரிந்தவன் சீட்டைக் கண்டு மயங்கமாட்டான். பிளேஸ்டேஷன் 5 என்னும் விளையாட்டுப் பெட்டி 2021 பிப்ரவரி 2-ஆம் நாள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். அதற்கேற்ற தொலைக்காட்சியும் சேர்ந்தால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். ஆகவே இதைச் சிறிது பொறுமையுடன் ஆராய்வது தகும்.

முதலில் புள்ளி என்பதைப் பார்ப்போம். பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் பாடத்துக்குப் பயன்படுத்தும் கட்டமிட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வட்டம் வரையவேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை. கோடு இழுக்கக் கூடாது; கட்டங்களை முழுதாகக் கறுப்பாக்கலாம், அல்லது வெறுமையாக விடலாம். அகலத்தில் 10 கட்டங்களுக்குள் வரைந்தால் வட்டம் படிக்கட்டுபோல் பல்லும் பல்லுமாக இருக்கும். 100 கட்டங்களுக்குள் வரைந்தால் ஏறக்குறைய வட்டமாகவே தோன்றும். திரையிலுள்ள படமும் இத்தகைய கட்டங்களால் ஆனதே. ஒரு கட்டத்தைப் படப்புள்ளி அல்லது பிக்சல் என்பர். அகலத்தில் இத்தனை, உயரத்தில் இத்தனை என்று புள்ளிகளை எண்ணிச் சொல்வதே தெளிவுத்திறன். கடைக்காரர் ‘ரெசல்யூஷன்’ என்று கூறுவது இதுவே.

இனிச் சீட்டுகளைப் படிக்கலாம். ‘ஃபுல் எச்.டி.’ என்பது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள், பெருக்கினால் 20,73,600. ‘4கே’ என்பது அகலத்தில் 3840, உயரத்தில் 2160, பெருக்கினால் 82,94,400. இங்கே ஒரு குழப்பம் உண்டு. 1080 என்று சொல்லும்போது உயரத்தைக் குறிப்பிட்டார்கள். 4கே என்னும்போது அகலத்தைக் குறிப்பிடுகிறார்கள். 3840 என்பது 4000-க்கு அருகில் இருப்பதால் அப்பெயர். பெயரைக் கேட்பவர்க்கு 1000-லிருந்து 4000-க்குத் தாவியதாகத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு பக்கமும் இரட்டித்ததே நிகழ்ந்தது. பக்கம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற கணக்கு. ‘எச்.டி. ரெடி’ என்று விற்கப்படும் 32 அங்குலப் பெட்டிகளிற் பெரும்பாலானவற்றில் 1366-க்கு 768 புள்ளிகள் இருக்கும். அதாவது பத்து இலட்சத்துக்குச் சற்று மேல்.

பழைய பெட்டிகளில் நிலைமை வேறு. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15-ஆம் நாள் தொடங்கியது. அக்காலப் பெட்டிக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் இருந்தது. அதனுள் மின்னணுக் கற்றை ஒன்று, ஏர் உழுவதுபோல், திரையின் உட்புறத்தில் வரிவரியாக ஓடி ஒளி எழுப்பியது. மொத்தம் 625 வரிகள். அவற்றுள் படத்தைத் தாங்கியவை 576. தமிழக அரசு 2006-ஆம் ஆண்டு முதல் வழங்கிய 14 அங்குல இலவச வண்ணப் பெட்டிகளும் இவ்வகையே. இத்தகைய பெட்டிகளில்தான் நம் பிள்ளைகள் பலர் ‘டிவி கேம்’ எனப்படும் மலிவான கருவியை இணைத்து ஆடினர். அக்கருவிகளிற் பல, ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் பெட்டியின் படிகள். அதன் படம் அகலத்தில் 256, உயரத்தில் 240 புள்ளிகள், மொத்தம் 61,440. இன்றைய 4கே படம் அதைப்போல் சரியாக 135 மடங்கு.

அவ்வளவு குறைந்த புள்ளிகளால் ஆன படம் அன்று எப்படி அழகாக இருந்தது? அந்தக் குழாயில் ஒளி எழுந்த இடம் கூர்மையான கட்டமாக நில்லாமல், சற்றுப் பரவி அயலிடத்தோடு கலந்தது. வரிகளுக்கிடையே மெல்லிய இருளும் இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து படிக்கட்டு ஓரங்களை மறைத்துவிட்டன. அன்று படம் தீட்டிய கலைஞர்களும் இக்கலப்பை அறிந்தே வண்ணங்களை அமைத்தனர். அதே பழைய விளையாட்டை இன்றைய தட்டைத் திரையில் இட்டால், வீரனின் முகம் செங்கல் அடுக்கியதுபோல் தோன்றும். விளையாட்டு கெட்டுவிடவில்லை, அதை மென்மையாக்கிய திரை போய்விட்டது.

தட்டைத் திரையின் இயல்பு இங்கே முக்கியம். அதில் புள்ளிகள் தொழிற்சாலையிலேயே எண்ணி அமைக்கப்பட்டவை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 4கே திரை என்றால் 82,94,400 சிற்றறைகளுக்கும் ஒவ்வொரு நொடியும் ‘நீ இன்ன நிறம் காட்டு’ என்று கட்டளை வந்தாக வேண்டும். வரும் படத்தில் 9,21,600 புள்ளிகளே இருந்தால் என்செய்வது? மிகுந்த அறைகளை எதையேனும் கொண்டு நிரப்பவேண்டும். இவ்வாறு நிரப்புவதே ‘அப்ஸ்கேலிங்’. நாம் இதைப் புள்ளிப் பெருக்கம் என்று வழங்குவோம்.

நிரப்பும் வழிகள் பல. எளிய எடுத்துக்காட்டொன்று கூறுவேன். ஒளியின் அளவைக் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் ஒளி 20, 80. இவற்றை மும்மடங்காக்க வேண்டும். முதல் வழி, அப்படியே திரும்ப எழுதுவது: 20, 20, 20, 80, 80, 80. இதில் கூர்மை இருக்கும், படிக்கட்டும் இருக்கும். இரண்டாம் வழி, இடைவெளியைச் சீராகப் பங்கிடுவது: 20, 40, 60, 80. இதில் படிக்கட்டு மறையும். ஆனால் ஓரம் மங்கும். மூன்றாம் வழி, சுற்றிலுமுள்ள பல புள்ளிகளை நோக்கி வளைகோடுபோல் இடைநிரப்புவது. இது முன்னிரண்டினும் மேலானது. எனினும் மூன்றிலும் ஓர் உண்மை பொதுவானது: 20, 80 என்னும் இரண்டு செய்திகளைத் தவிர மூன்றாவது செய்தி எதுவும் உள்ளே வரவில்லை.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் இதற்கு நேரான ஒரு வேலை உண்டு. ஈரத்தோலைத் துளையிட்ட உலோகச் சட்டத்தின்மேல் விரித்து, நாற்புறமும் கவ்விகளால் இழுத்து மாட்டி உலர்த்துவார்கள். தோல் சதுர அடிக் கணக்கில் விற்கப்படுவதால், இழுப்பினாற் சிறிது பரப்புக் கூடும். ஆனால் தோலின் பொருள் கூடுவதில்லை. அளவு மீறி இழுத்தால் மேற்பரப்பு தளர்ந்துவிடும். படமும் அவ்வாறே. ஒன்றை இரண்டாக்கினால் தாங்கும். ஒன்றை ஐந்தாக்கினால் தளரும். இழுப்பு முழு எண்ணாக அமைவதும் நன்று. 720 வரிகளை 2160 ஆக்குவது சரியாக மும்மடங்கு. 1080-ஐ 2160 ஆக்குவது சரியாக இருமடங்கு. 720 வரிகளை 768 ஆக்குவதோ ஒன்றேகாற்கும் குறைந்த பின்னம். எந்தப் புள்ளியும் எந்த அறையிலும் சரியாகப் பொருந்தாது. ஆதலால் சிறிய எழுத்துகள் கலங்கித் தோன்றும்.

‘விலையுயர்ந்த விளையாட்டுப் பெட்டி ஏன் முழுப் புள்ளிகளையும் தானே உண்டாக்கக்கூடாது?’ என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. திரைப்படம் முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. அதை ஓட்டினாற் போதும். விளையாட்டின் படமோ, ஆடுபவன் பொத்தானை அழுத்தும் அந்தக் கணத்திற் கணக்கிட்டு உண்டாக்கப்படுவது. நொடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் நொடியில் அறுபதில் ஒரு பங்கே. 4கே அளவில் நொடிக்கு 49 கோடியே 76 இலட்சம் புள்ளிகளுக்குமேல் கணக்கிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒளி எங்கிருந்து வருகிறது, நிழல் எங்கே விழுகிறது, நீரில் எது தெரிகிறது என்றெல்லாம் கணக்குண்டு. புள்ளியைப் பெருக்கினால் ஒளியழகைக் குறைக்க வேண்டும். ஒளியழகைப் பெருக்கினால் புள்ளியைக் குறைக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் ஓட்டம் தடைப்படும்.

இதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்றுண்டு. 2007-இல் எக்ஸ்பாக்ஸ் 360 பெட்டிக்கு ‘ஹேலோ 3’ என்ற விளையாட்டு வந்தது. எல்லோரும் அது 1280-க்கு 720 அளவினது என்று கருதியிருந்தனர். ஆர்வமுள்ள சிலர் படத்தை நிறுத்திவைத்துச் சாய்ந்த ஓரங்களிலுள்ள படிகளை எண்ணினார்கள். 90 புள்ளி உயரத்தில் 90 படிகள் இருக்கவேண்டிய இடத்தில் 80 படிகளே இருந்தால், உண்மை உயரம் 720-இல் ஒன்பதில் எட்டுப் பங்கு, அதாவது 640 என்பது புலனாகும். இவ்வாறே அது 1152-க்கு 640 என்று வெளிப்பட்டது. அதை ஆக்கிய பங்கி நிறுவனமும் ஒப்புக்கொண்டு காரணம் கூறியது: மிகு ஒளியையும் மிகு இருளையும் ஒருங்கே காட்டுவதற்காக ஒவ்வொரு படத்தையும் இரு பிரதிகளாக நினைவகத்தில் வைத்ததால், புள்ளியைச் சற்றுக் குறைக்க நேர்ந்தது என்பது அக்காரணம். இது ஏமாற்று அன்று. ஒன்றைக் கொடுத்து ஒன்றைக் கொள்ளும் தேர்வு. ஆயினும், எண்ணிப் பார்த்தவர்கள் இருந்தமையால் அத்தேர்வு உலகுக்குத் தெரிந்தது. அவர்கள் கையாண்ட கருவியோ தொடக்கப்பள்ளிக் கணக்கு.

பிற்காலத்தில் வேறு உபாயங்கள் தோன்றின. 2016-இல் வந்த பிளேஸ்டேஷன் 4 புரோ என்னும் பெட்டி, பல விளையாட்டுகளில் சதுரங்கப் பலகையின் கறுப்புக் கட்டங்களைப்போல் பாதிப் புள்ளிகளை மட்டும் ஒரு படத்திற் கணக்கிட்டு, மறுபாதியை முந்திய படத்திலிருந்து எடுத்துக்கொண்டது. இங்கேதான் புள்ளிப் பெருக்கம் ஒரு புதிய படியை எட்டியது. மூங்கில் தட்டிக்கு அப்பால் நடக்கும் ஊர்வலத்தைப் பார்க்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். தலையை அசையாமல் வைத்திருந்தால் இடுக்கில் தெரிவது மட்டுமே தெரியும். தலையைச் சற்றே இப்புறமும் அப்புறமும் அசைத்தால், மறைந்த பகுதிகளும் மாறிமாறித் தெரிந்து, மனத்தில் முழு உருவம் அமையும். புதிய முறைகளும் இவ்வாறே ஒவ்வொரு படத்திலும் பார்வையை ஒரு புள்ளிக்கும் குறைவான அளவு நகர்த்தி, பல படங்களின் செய்தியை ஒன்றுசேர்க்கின்றன. இது வெறும் இழுப்பு அன்று; உண்மைச் செய்தி கூடுகிறது. ஆனால் தட்டிக்கு அப்பாலுள்ளவன் ஓடினால் குழந்தையின் மனப்படம் குழம்புமன்றோ? அதுபோலவே விரைந்து ஓடும் உருவங்களுக்குப் பின்னால் பேய்நிழல்போல ஒரு சுவடு தோன்றுவதுண்டு.

இதற்கு மேற்பட்ட படியில் கற்பிக்கப்பட்ட எந்திரம் நிற்கிறது. என்விடியா நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த டி.எல்.எஸ்.எஸ். என்னும் முறை இத்தகையது. 2025 ஜூனில் வெளியான நிண்டெண்டோ சுவிட்ச் 2 பெட்டியிலும் அது இடம்பெற்றது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் எஃப்.எஸ்.ஆர்., 2021-இல் வந்த முதல் வடிவில் ஒரே படத்தைக் கொண்டு பெருக்கியது. 2022-இல் வந்த இரண்டாம் வடிவில் முந்திய படங்களையும் துணைக்கொண்டது. கற்பிக்கப்பட்ட எந்திரம் ஏராளமான நுண்ணிய படங்களைப் பார்த்துப் பழகி, இலையின் நரம்பு இப்படித்தான் இருக்கும், செங்கலின் இடுக்கு இப்படித்தான் இருக்கும் என்று ஊகித்து நிரப்புகிறது.

தோல் தொழிலில் இதற்கும் உவமை கிடைக்கிறது. பூச்சிக்கடியும் முட்கீறலும் உள்ள தோலின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, வண்ணப்பூச்சு இட்டு, வரி செதுக்கிய சூட்டுத் தகட்டால் அழுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் முதல்தரத் தோலைப்போலவே இருக்கும். காலணிக்கும் நன்கு உழைக்கும். அதை எப்படிக் கண்டுகொள்வது என்று, என்னிடம் படித்து இப்போது தோல் தரம் பிரிக்கும் வேலையிலிருக்கும் ஒருவரைக் கேட்டேன். ‘பதிச்ச வரி எல்லாத் தோல்லயும் ஒரே மாதிரி வரும் சார்; எந்த மாடு அப்படி வளருது?’ என்றார். எந்திரம் பதிக்கும் நுண்மையையும் அவ்வாறே கண்டுகொள்ளலாம். கம்பிவேலி, தொலைவிலுள்ள சிறு எழுத்து, பறக்கும் தூசி, தலைமயிர் ஆகியவற்றை உற்றுநோக்குங்கள். அங்கேதான் ஊகம் தடுமாறும். வேலி மினுங்கும், எழுத்து உருமாறும். மற்ற இடங்களில் அது பெரும்பாலும் நன்றாகவே செய்யும். பதித்த வரி என்று தெரிந்து வாங்குவதில் இழிவொன்றுமில்லை; இயற்கை வரி என்று நம்பி மிகுவிலை கொடுப்பதே இழப்பு.

இதுவரை திரையைப் பார்த்தோம்; இனிப் பார்க்கும் கண்ணைப் பார்ப்போம். வேலூரில் ஷெல் கண் மருத்துவமனையைப் பல தலைமுறையினர் அறிவர். அத்தகைய இடங்களில் கண்ணைச் சோதிக்கும் எழுத்துப் பலகையை 1862-இல் அமைத்தவர் ஹாலந்து நாட்டு மருத்துவர் ஹெர்மன் ஸ்நெல்லன். குறையற்ற கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோட்டைப் பிரித்தறியும் என்பது அப்பலகையின் அடிப்படை. வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். வெள்ளைத்தாளில் 1 மில்லிமீட்டர் தடிப்பில் கறுப்புக் கோடுகளை, 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரைந்து சுவரில் ஒட்டுங்கள். பின்னோக்கி நடந்துகொண்டே வாருங்கள். ஏறத்தாழ 11 அடித் தொலைவில் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகிவிடும்.

இக்கணக்கைத் திரைக்குப் பொருத்தினால் வருவது இது. 32 அங்குல எச்.டி. ரெடி திரையில் ஏறக்குறைய 6 அடிக்கு அப்பால் தனிப்புள்ளி தெரியாது; அதே அளவுள்ள ஃபுல் எச்.டி. திரையில் 4 அடிக்குச் சற்று அப்பால் தெரியாது. 43 அங்குலத் திரையானால், ஃபுல் எச்.டி.க்கு ஐந்தரை அடி. 4கே-க்கு மூன்றடிக்கும் குறைவு. 55 அங்குலமானால், ஃபுல் எச்.டி.க்கு 7 அடி; 4கே-க்கு மூன்றரை அடி. கூரிய பார்வையுடைய இளைஞர்க்கு இத்தொலைவு சற்றுக் கூடலாம். நம் வீடுகளில் எதிர்ச்சுவரில் சாய்ந்து 8 அடித் தொலைவிலிருந்து ஆடும் பிள்ளைக்கு, 43 அங்குலத் திரை 4கே ஆனாலும் ஃபுல் எச்.டி. ஆனாலும் புள்ளியளவில் பெரும் வேற்றுமை இராது. அவன் கடையில் வேற்றுமையைக் கண்டது பொய்யன்று. கடையில் அவன் நின்றது இரண்டடித் தொலைவில்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். புள்ளியைப் பெருக்கும் வேலையைத் தொலைக்காட்சியும் செய்யும், விளையாட்டுப் பெட்டியும் செய்யும். தொலைக்காட்சி அதை மெருகேற்றிச் செய்யப் புகுந்தால் காலம் பிடிக்கும். சில பெட்டிகளில் நொடியில் பத்தில் ஒரு பங்குவரை தாமதம் உண்டாகும். செய்தி கேட்பவர்க்கு இது தெரியாது. பந்தை அடிக்கப் பொத்தானை அழுத்தும் பிள்ளைக்கு, பந்து கடந்துபோன பின்னரே மட்டை சுழலும். ஆகவே விளையாடும்போது தொலைக்காட்சியின் அமைப்பில் ‘கேம் மோட்’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். ‘ஷார்ப்னெஸ்’ என்னும் கூர்மை அளவை மிகையாக ஏற்றாதீர்கள். அது புதிய நுண்மையைத் தாராது, ஓரங்களைச் சுற்றி வெண்கோடு மட்டுமே தரும்.

வாங்கப் போகுமுன் வீட்டில் அளவுநாடாவைக்கொண்டு, அமரும் இடத்துக்கும் சுவருக்கும் உள்ள தொலைவை அளந்துகொள்ளுங்கள். கடையில், அத்தொலைவிலேயே நின்று பாருங்கள். பிள்ளை விரும்பும் விளையாட்டு உண்மையில் எத்தனை புள்ளிகளை உண்டாக்குகிறது என்று அவனையே தேடிச் சொல்லச் செய்யுங்கள். 2017-இல் வந்த நிண்டெண்டோ சுவிட்ச் பெட்டியின் பெயர்பெற்ற ‘செல்டா’ விளையாட்டு, தொலைக்காட்சியில் அதிக அளவாக 1600-க்கு 900 புள்ளிகளே காட்டியது. அதைக் கொண்டாடாதவர் இலர். இவ்வளவும் செய்தபின் 4கே பெட்டிதான் தக்கது என்று தோன்றினால் மனநிறைவோடு வாங்குங்கள். பெரிய திரைக்கும் அருகிலிருந்து பார்ப்பவர்க்கும் அது பயன்தரும். இல்லையெனில் மிஞ்சும் பணம் வீட்டில் வேறொரு தேவைக்கு உதவும்.

பிள்ளையின் ஆசையைப் ‘பொழுதுபோக்கு’ என்று தள்ளிவிடுவது எளிது. அவனோடு அமர்ந்து கட்டத்தாளில் வட்டம் வரைவதும், கோடுகளைச் சுவரில் ஒட்டிப் பின்னோக்கி நடப்பதும், நிறுத்திய படத்தின் படிகளை எண்ணுவதும் சற்று உழைப்பை வேண்டும். ஆனால் அவ்வுழைப்பினால் பெருக்கலும் பின்னமும் கோணமும் அவன் கைக்கு வந்துசேரும். தோலைத் தடவித் தரம் சொல்லும் தந்தையின் மகன், படத்தைப் பார்த்துத் தரம் சொல்லக் கற்றுக்கொள்வான்.